யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஜாஸ் பாடகராவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் யாழ்ப்பாணத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். சின்ன வயதில் கர்நாடக சங்கீதம், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழு, இருபதுகளில் கொழும்பு ஹோட்டல்களில் ஜாஸ், இடையிடையே கல்யாண வீட்டு இசைக்குழு என்று அலைந்துவிட்டு ஊர் திரும்பியவள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற தாய் தகப்பன்மார் வாசலில் செருப்பைக் கழற்ற முன்னமே கேட்கிற கேள்விகளும், பிள்ளைகள் அவர்கள் போன பிறகு கேட்கிற கேள்விகளும் இவை.

சினிமாப் பாட்டில் சக்ஸபோன் வந்தால் அது ஜாஸா?

இல்லை. சக்ஸபோன் ஒரு வாத்தியம், அவ்வளவுதான். ஜாஸ் என்பது பாடும், வாசிக்கும் முறை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்தில், அங்குள்ள கறுப்பின மக்கள் புளூஸ், தேவாலயப் பாட்டு, ராக்டைம், தெருவில் போகும் பித்தளை வாத்தியக் குழு எல்லாவற்றையும் சேர்த்து உருவாக்கியது. முதலில் பாட்டின் மெட்டைச் சொல்வார்கள். பிறகு அந்த மெட்டுக்குக் கீழே ஓடுகிற கோர்ட் (சில சுரங்கள் ஒன்றாக ஒலிப்பது) வரிசை திரும்பத் திரும்பச் சுற்றிவர, ஒவ்வொருவராக அதன் மேல் அந்த நிமிடத்தில் தோன்றுவதை வாசிப்பார்கள், பாடுவார்கள். கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள்.

எங்கள் ஊர்க்காரருக்கு இது அவ்வளவு புதிது இல்லை. திருவிழா இரவில் கோயில் வீதியில் நின்று மேளச் சமா கேட்டவர்களுக்குத் தெரியும்: நாதஸ்வரக்காரர் ஒரு பிடியைப் போட, மற்றவர் அதை வாங்கித் திருப்பிக் கொடுக்க, தவில்காரர்கள் இருவரும் மாறி மாறிக் கணக்கைக் குறைத்துக்கொண்டே வந்து ஒன்றாய்த் தீர்மானம் வைப்பார்கள். ஜாஸில் நாலு நாலு தாள அளவாக (பெரும்பாலும் நாலு அடி சேர்ந்தது ஓர் அளவு) மாறி மாறி வாசிப்பது இதே விளையாட்டுத்தான். யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவிலைப் பற்றி இன்றைக்கும் கண்கள் விரியக் கதைக்கிற கிழவர்கள் இணுவிலிலும் அளவெட்டியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜாஸை விளங்கப்படுத்த எனக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்பட்டதில்லை. சினிமாப் பாட்டு மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் ஐந்து மாதம் எடுக்கிறது.

மகள் ஆறு வருடம் சங்கீதம் படித்திருக்கிறாள். அது உதவுமா, இடைஞ்சலா?

இரண்டும். உதவுவதை முதலில் சொல்கிறேன். வட இலங்கை சங்கீத சபைச் சோதனைகளுக்குப் படித்த பிள்ளைக்குக் காது திறந்திருக்கும், தாளம் கையில் இருக்கும், கற்பனை ஸ்வரம் பாடிப் பழகியிருந்தால் மேடையில் உடனுக்குடன் உருவாக்கும் துணிச்சலும் இருக்கும். மேற்கத்தைய இசைக்கல்லூரி மாணவர்கள் மோட் (சுர வரிசை) என்று மனப்பாடம் செய்வதில் பெரும்பகுதி அவளுக்கு ராகமாகவே தெரியும்: டோரியன் என்பது கரகரப்பிரியா, மிக்ஸோலிடியன் ஹரிகாம்போதி, லிடியன் மேசகல்யாணி. ஏழாம் சுரம் இறங்கிய லிடியன் என்று அவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது எங்கள் வாசஸ்பதி.

இடைஞ்சல் எங்கே என்றால், சுருதியில். எங்களுக்குத் தம்பூரா போட்டால் போட்டதுதான்; கச்சேரி முடியும்வரை ‘ச’ அசையாது. ஜாஸில் காலுக்குக் கீழே தரை நகர்ந்துகொண்டே இருக்கும். ஜாஸில் அதிகம் வரும் மூன்று கோர்ட்டுகளைப் பாருங்கள். ‘ரி’யில் கட்டிய கோர்ட்: ரி ம த ச. அடுத்தது ‘ப’வில்: ப நி ரி ம. பிறகு வீட்டுக்கு வருவது: ச க ப நி. முதல் கோர்ட்டிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது ‘ச’ அரைச்சுரம் இறங்கி ‘நி’ ஆகிறது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு வரும்போது ‘ம’ அரைச்சுரம் இறங்கி ‘க’ ஆகிறது. இந்த இரண்டு சின்ன இறக்கத்தையும் காது பிடித்துவிட்டால், பியானோ இல்லாமலே பாடகர் கோர்ட் மாறுவதைக் காட்டிவிடலாம்.

கிரகபேதம் (ஆதார சுரத்தை மாற்றி வைத்து வேறு ராகம் காட்டுவது) படித்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சங்கராபரணத்தில் ரிஷபத்தை ஆதாரமாக வைத்தால் கரகரப்பிரியா, பஞ்சமத்தை வைத்தால் ஹரிகாம்போதி, சட்ஜத்துக்குத் திரும்பினால் சங்கராபரணம். மேலே சொன்ன மூன்று கோர்ட்டுகளும் இந்த மூன்று ராகங்களும் ஒன்றுதான். வித்தியாசம், எங்களுக்கு இது ஒரு வித்தைக் காட்டல். அவர்களுக்கு ஒவ்வொரு நான்கு தாள அளவிலும் நடக்கிற அன்றாட வேலை.

அடுத்தது கமகம், சுரத்தை அசைத்துப் பாடுவது. கோர்ட் பிடித்துக்கொண்டிருக்கும்போது காந்தாரத்தை அசைத்தால் அது மேலேயும் கீழேயும் உள்ள சுரங்களை உரசும், கோர்ட் கலங்கும். என்னிடம் வரும் சங்கீதப் பிள்ளைகளுக்கு முதல் மூன்று மாதமும் ஒரே வேலை: சுரத்தை ஆடாமல் நேரே நிறுத்து. அழுகிற அளவுக்குக் கஷ்டப்படுவார்கள். ஜாஸிலும் அசைவு உண்டு, ஆனால் நேரே பிடித்து, முடியப் போகிற நேரத்தில் மெல்ல நடுங்க விடுவது. தொடக்கத்திலேயே நடுங்கினால் பழங்காலத்து மேடைப் பாட்டுப் போல இருக்கும்.

நீங்கள் முதன்முதல் ஜாஸ் மேடை ஏறியது எப்படி இருந்தது?

வெட்கக்கேடு. கொழும்பில் ஒரு ஹோட்டல். பியானோ வாசித்தவர் வயதானவர். “எந்தக் கீயில் பாடுவாய், மகள்?” என்று கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்காமல் “ஐந்தரைக் கட்டை” என்றேன்; எங்கள் சங்கீதத்தில் பாடகரின் சுருதியை அப்படித்தான் சொல்வோம். அவர் முழித்தார். விரலால் தொட்டுக் காட்டினேன். “சரி, இந்தப் பாட்டுக்கு இது. அடுத்ததுக்கு?” “அதுக்கும் இதுதான், அங்கிள்.”

முதல் பாட்டுத் தப்பியது. இரண்டாவது பாட்டில் உச்சத்துக்குப் போனபோது குரல் கிழிந்தது. மூன்றாவது பாட்டின் பாதி வரி தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. கர்நாடக சங்கீதத்தில் நாங்கள் குரலுக்கு ஒரு கட்டையைத் தெரிவு செய்கிறோம். உருப்படிகள் எல்லாம் அதற்குள் அடங்கும். ஜாஸ் பாட்டுகளில் சில ஆதார சுரத்துக்கு மேலே மட்டும் ஓடும், சில கீழே இறங்கி உருளும். ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் உங்கள் குரலுக்கு ஏற்ற கீயைத் தனித்தனியாகக் கண்டுபிடித்து, மெட்டும் கோர்ட்டும் எழுதிய தாளை அந்தக் கீயில் கையோடு கொண்டுபோக வேண்டும். அன்றிரவு அந்தப் பெரியவர்தான் ஒரு சீட்டுக்கட்டு அட்டையின் பின்பக்கத்தில் என் மூன்று பாட்டுக்கும் கீ எழுதித் தந்தார்.

ஸ்விங் என்றால் என்ன? எழுத்தில் விளங்கப்படுத்த முடியுமா?

முயற்சிக்கிறேன். ‘தகிட தகிட’ என்று திஸ்ர நடையில், மூன்று மூன்றாக, சொல்லுங்கள். இப்போது ‘கி’யைச் சொல்லாமல் ‘த’வை அதன்மேல் நீட்டுங்கள்: தா-ட தா-ட. நடுத்தர வேகத்தில் ஸ்விங் ஏறத்தாழ இதுதான். வேகம் கூடக் கூட இரண்டும் சம அளவுக்கு நெருங்கிவிடும். அதற்குக் கணக்கு இல்லை, காதுதான்.

அப்புறம் அழுத்தம். ஆதி தாளம் போட்டுப் பழகிய கை முதல் அடியில் தட்டும். ஜாஸில் இரண்டாம் அடியிலும் நாலாம் அடியிலும் விரலைச் சொடுக்க வேண்டும். மெட்ரோனோமை (வேகம் காட்டும் தாளக் கருவி) பாதி வேகத்தில் வைத்து, அந்தத் ‘டிக்’கை இரண்டும் நாலுமாக எண்ணிப் பாடிப் பாருங்கள். முதல் வாரம் தலைகீழாகும்.

ஜாஸ் பாடகி பில்லி ஹொலிடேயைக் கேட்டால் இன்னொன்றும் விளங்கும். அவர் குரல் பெரிய குரல் இல்லை, எட்டுகிற சுரங்களும் குறைவு, முறையாக யாரிடமும் படிக்கவும் இல்லை. ஆனால் வாத்தியங்கள் முன்னே போக, அவர் வரியைச் சற்றுப் பின்னால் இழுத்து வருவார். தாளம் பிசகவில்லை. பஸ் வெளிக்கிடும் நேரம் தெரிந்தவர் ஆறுதலாக நடந்து வந்து சரியாக ஏறுவது போல.

‘டூபி டூபி’ என்று பாடுவது கோமாளித்தனம் இல்லையா?

அதற்கு ஸ்கேட் என்று பெயர். வாயாலேயே தாளச் சொற்களைச் சொல்லும் கொன்னக்கோல்காரரைப் பார்த்து யாராவது அப்படிக் கேட்பார்களா? ட்ரம்பெட்காரரும் பாடகருமான லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங் 1926இல் இசைத்தட்டில் பாடி இது பரவலாயிற்று. பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்ட் இதை எங்கேயோ கொண்டுபோனார். 1960இல் பெர்லினில் ஒரு கச்சேரியில் பாட்டின் நடுவில் வரிகள் மறந்துபோயின. அவர் நிறுத்தவில்லை, ‘எனக்கு வரி மறந்துவிட்டது’ என்ற கருத்தையே மெட்டில் வைத்துப் பாடி முடித்தார். அந்தப் பதிவுக்குக் கிராமி விருது கிடைத்தது.

ஒன்று சொல்ல வேண்டும். ஸ்கேட் பாடுவதற்குக் கொன்னக்கோல் சொற்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். ‘தகதிமி’ மிருதங்கத்தின் ஒலி. ஸ்கேட் ஊதுகுழல் வாத்தியத்தின் ஒலி: ட்ரம்பெட்டில் நாக்குத் தொடுவதும் மூச்சு வழுக்குவதும். ட்ரம்பெட், சக்ஸபோன் சோலோக்களைக் கேட்டு வாயால் பிரதிசெய்வதுதான் பயிற்சி. ஒரு எட்டுத் தாள அளவு, திரும்பத் திரும்ப, கூடவே பாடினால் இரண்டு குரல் கேட்காத அளவுக்கு. மாதம் ஒன்று போதும்.

குரல் கட்டையாக இருக்கிறது, பள்ளிக்கூடப் பாடகர் குழுவில் எடுக்கவில்லை.

நல்லது, வாருங்கள். மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பாடகி உஷா உதுப்பைப் பாடசாலையில் பாட்டு வகுப்பிலிருந்தே அனுப்பிவிட்டார்கள், குரல் மற்றப் பிள்ளைகளோடு பொருந்தவில்லை என்று. 1969இல் சென்னையில் ஓர் இரவு விடுதியில் சேலையோடு மேடையேறினார். மிச்சம் எல்லோருக்கும் தெரியும்.

பாட்டு மேடைக்கு மைக் வந்தது 1920களில். அதற்கு முன் மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்றால் நாட்டுக்கூத்துக்காரர் போலத் தொண்டை திறந்து பாட வேண்டும். மைக் வந்த பிறகு, காதோடு கதைப்பது போலப் பாடலாம் என்றாயிற்று. ஜாஸ் பாடகருக்கு மைக்கும் ஒரு வாத்தியம். உச்சத்தில் சற்று விலக்கு, கிசுகிசுப்புக்குக் கிட்டக் கொண்டுவா, ‘ப’ வரும்போது நேரே ஊதாதே. இதைப் பழக வீட்டில் ஒரு மலிவு மைக்கும் ஸ்பீக்கரும் போதும்.

மேற்கத்தைய சோதனைகள் எடுக்க வேண்டுமா? நோட்டேஷன் தேவையா?

நோட்டேஷன் வேண்டும், எந்தக் கேள்வியும் இல்லாமல். சரளமாக வாசிக்காவிட்டாலும் கோர்ட் தாளைப் பார்த்து எங்கே நிற்கிறோம் என்று தெரிய வேண்டும். கூடவே கீபோர்டில் இரண்டு கையாலும் எளிய கோர்ட் பிடிக்கத் தெரிய வேண்டும். ஜாஸ் பாடகி சாரா வோன் சின்ன வயதிலேயே தேவாலயத்தில் பியானோவும் ஓர்கனும் வாசித்தவர்; அவர் பாட்டில் கோர்ட் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதற்கு அது ஒரு காரணம்.

சோதனை உங்கள் விருப்பம். லண்டன் ட்ரினிட்டி கல்லூரிச் சோதனைகளில் ரொக், பொப் குரலிசைக்குத் தனித் தரங்கள் உண்டு. சான்றிதழ் வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு உதவும். ஹோட்டல் மேலாளர் ஒருவரும் என்னிடம் சான்றிதழ் கேட்டதில்லை, “சனிக்கிழமை வர முடியுமா?” என்றுதான் கேட்டார்கள்.

எங்கே படிக்கலாம்?

யாழ்ப்பாணத்தில் ஜாஸ் குரலிசைக்கென்று பட்டப்படிப்பு இல்லை. மருதனார்மடத்தில் உள்ள இராமநாதன் நுண்கலைப் பீடத்தில் இசை என்றால் கர்நாடக இசை. பாடசாலையில் உயர்தரத்துக்கு மேலைத்தேய சங்கீதம் ஒரு பாடமாக இருக்கிறது. அதற்கப்பால் கொழும்பில் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம், கடல் தாண்டினால் சென்னையில் 2008இல் ஏ.ஆர்.ரகுமான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி, இன்னும் தூரம் போகக்கூடியவர்களுக்கு அமெரிக்காவில், பொஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரி. பெர்க்லிக்குச் செலவு மிகப் பெரிது. புலமைப்பரிசில் இல்லாமல் காணியை விற்று அனுப்ப வேண்டாம் என்று ஒரு தகப்பனிடம் நேரேயே சொன்னேன். அவருக்கு என்மேல் கோபம்.

உண்மையில் பழையவர்கள் படித்த இடம் மேடைதான். எலா 1934இல் 17 வயதில் நியூயோர்க் அப்பலோ அரங்கில் புதியவர்களுக்கான போட்டிக்கு நடனமாடத்தான் போனார். தனக்கு முன்னால் ஆடியவர்களைப் பார்த்துப் பயந்து, பாடிவிட்டு முதல் பரிசோடு வந்தார்.

தமிழில் ஜாஸ் பாடலாமா?

பாடலாம், ஆனால் குறில் நெடிலைப் பார்த்து. ஆங்கிலத்தில் எந்த உயிரையும் இழுக்கலாம், பொருள் கெடாது. தமிழில் ‘கல்’லை இழுத்தால் ‘கால்’, ‘படு’ நீண்டால் ‘பாடு’. மெட்டில் நீண்ட சுரம் வரும் இடத்தில் நெடில் விழும்படி வரி எழுத வேண்டும்; அல்லது குறிலுக்குப் பின் வரும் ம், ன், ல் ஆகியவற்றில் நின்று முனக வேண்டும். ஆங்கிலப் பாட்டின் மெட்டில் மொழிபெயர்ப்பை ஒட்டிப் பாடுவதுதான் தாங்க முடியாதது. ஆங்கிலத்தில் பாடுவதென்றால் வரியை முதலில் சும்மா வாசித்து, பொருளை ஒருவருக்குச் சொல்வது போலச் சொல்லிப் பழகுங்கள். அமெரிக்க உச்சரிப்பு நடிப்பு வேண்டாம்.

எங்கள் பக்கத்திலிருந்து யாராவது போயிருக்கிறார்களா?

யோலண்ட் பவன். இலங்கையில் பிறந்தவர். லம்பேர்ட், ஹென்ட்ரிக்ஸ், ஆனி ரொஸ் என்ற மூவர் ஜாஸ் பாட்டுக் குழுவிலிருந்து 1962இல் ரொஸ் விலக, அந்த இடத்துக்கு மற்ற இருவரோடும் சேர்ந்தார். வாத்தியச் சோலோக்களுக்குச் சொல் எழுதி அதே வேகத்தில் பாடுவது அந்தக் குழுவின் வேலை, நாக்குச் சுளுக்கும். நாடக நடிகையாகவும் இருந்தார். இவர் பெயரைக் கொழும்பிலேயே பலருக்குத் தெரியாது என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

யாழ்ப்பாணத்துக்குக் கிட்டே வருவதென்றால் வயலின். வி.லக்ஷ்மிநாராயணா இங்கே இசை கற்பித்த காலத்தில்தான் அவர் பிள்ளைகள் எல்.சுப்ரமணியமும் எல்.சங்கரும் இங்கே வளர்ந்தார்கள். 1958 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் இந்தியாவுக்குப் போனது. 1970களில் கிட்டார்காரர் ஜோன் மக்லாஃப்லினோடு, இந்திய இசையும் ஜாஸும் சேர்ந்த சக்தி குழுவில் வாசித்தவர் சங்கர். சுப்ரமணியம் ஜாஸ் வயலின்காரர் ஸ்டெஃபான் கிரப்பெல்லியோடு வாசித்தார். அதே 1958இல் டேவ் ப்ரூபெக்கும், 1963இல் டியூக் எலிங்டனும், இருவரும் அமெரிக்க ஜாஸ் பியானோக்காரர்கள், இலங்கைக்கு வந்து வாசித்திருக்கிறார்கள்.

எல்லா வகையும் பாடினால் ஒன்றிலும் ஆழம் இருக்காதே?

எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் பாடினால்தான் அந்தப் பிரச்சினை. ஜாஸ் பாடகி செசில் மக்லோரின் சல்வான்ட் பிரான்சில் பரோக் காலத்துச் செவ்வியல் பாட்டுப் படித்துக்கொண்டே ஜாஸும் படித்தவர். 2010இல் தெலோனியஸ் மங்க் சர்வதேச ஜாஸ் போட்டியில் வென்றார். அவரைக் கேட்டால் இரண்டும் கலங்கிய தண்ணீராக இராது. எது எங்கே வேண்டுமோ அது வரும்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, கலக்காதே, மாற்று. தேவாரம் பாடினால் தேவாரமாக, பைலா பாடினால் அந்த ஆறு மாத்திரை ஆட்டத்தோடு, ஏ.இ.மனோகரன், நித்தி கனகரத்தினம் காலத்துத் துள்ளிசை என்றால் அந்தக் குறும்போடு. ஒவ்வொன்றுக்கும் வாய் திறக்கும் விதம், சுரம் தொடங்கும் விதம், தாளத்தில் இருக்கும் இடம் வேறு. புல்லாங்குழலையும் சக்ஸபோனையும் ஒரே ஆள் வாசிக்கலாம், ஆனால் ஒன்றை வைத்துவிட்டுத்தான் மற்றதை எடுக்க வேண்டும். ஃபியூஷன் என்று மோகனத்துக்குக் கீழே நாலு கோர்ட் போட்டுக்கொடுப்பதை நான் நம்புவதில்லை. அதற்கு நிறையக் கைதட்டல் கிடைக்கும் என்பதும் உண்மைதான்.

இதில் சீவிக்கலாமா?

யாழ்ப்பாணத்தில் மட்டும் இருந்துகொண்டு, ஜாஸ் மட்டும் பாடி, முடியாது. என்னையே எடுத்தால், வாரநாள்களில் வகுப்பு, முகூர்த்த மாதங்களில் வரவேற்பு வைபவம், மார்கழியில் தேவாலயங்களின் கரோல், இடைக்கிடை விளம்பரத்துக்கோ குறும்படத்துக்கோ பின்னணிக் குரல், மாதத்தில் ஒன்றிரண்டு முறை கொழும்பு. ஜாஸ் எனக்குச் சோறு போட்டதைவிட, ஜாஸ் படித்ததால் வந்த காது சோறு போட்டது அதிகம். வரவேற்பில் மாப்பிள்ளையின் மாமா வந்து கேட்ட பாட்டை ஒத்திகை இல்லாமல் எந்தக் கீயிலும் பாட முடிவது அந்தப் படிப்பால்தான்.

உல்லாசக் கப்பல் வேலை சிலருக்குச் சரிவரும். மாதக்கணக்கில் ஒப்பந்தம், தங்குமிடம் சாப்பாடு இலவசம், ஒவ்வோர் இரவும் பாட்டு. நூற்றுக்கணக்கான பாட்டுக் கைவசம் இருக்க வேண்டும். ஏப்ரல் 30 சர்வதேச ஜாஸ் தினம். அந்த வாரத்தில் நிகழ்ச்சி கேட்க வேண்டுமென்றால் மாசியிலேயே கேட்டு வையுங்கள்.

சம்பளத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒரு இடத்தில் எட்டு இரவு பாடிய காசு இன்றுவரை வரவில்லை. வாய்ப்பேச்சை நம்பிய பிழை என்னுடையது.

பெண் பிள்ளை இரவில் மது பரிமாறும் இடத்தில் பாடுவதா?

அம்மாவும் இதைத்தான் கேட்டார். வாசல்வரை வாகனம், குழுவில் தெரிந்த ஒருவராவது, இடைவேளையில் இருக்கத் தனி அறை, மேசைகளுக்குப் போய் உட்காருவதில்லை என்பது முதல் நாளே தெளிவு. இந்த நாலும் இல்லாவிட்டால் நானும் போகமாட்டேன், வயது இத்தனையாகியும். இருந்தால், அது வேலை.

குரல் அடைத்தால் என்ன செய்ய?

பேசாமல் இருங்கள். கிசுகிசுப்பதும் பேச்சுத்தான், அதுவும் வேண்டாம். செருமாதீர்கள், தண்ணீர் குடியுங்கள். இரவு பத்து மணிக்கு உறைப்புக் கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் புளிப்பு மேலே வந்து தொண்டையைச் சுடும். பாடகர்களின் பாதிக் குரல் அடைப்பு அங்கேதான் என்பது என் அனுபவம். மூன்று கிழமைக்கு மேல் கரகரப்பு நின்றால் வேர்க்கொம்பை விட்டுவிட்டுக் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் போங்கள்.

எந்த வயதில் தொடங்குவது?

காதுக்கு இன்றைக்கே. குரலுக்கு, ஆண்பிள்ளை என்றால் குரல் உடைகிற காலத்தில் மெதுவாக. நாற்பது வயதில் தொடங்கிய ஒரு வங்கி உத்தியோகத்தர் என்னிடம் படிக்கிறார், நன்றாகப் பாடுகிறார்.

நாளைக்கே தொடங்குவதென்றால் என்ன செய்ய?

பன்னிரண்டு தாள அளவு கொண்ட புளூஸ். கீபோர்டில் ‘ச’வில் கோர்ட் நாலு அளவு, ‘ம’வில் இரண்டு, ‘ச’வில் இரண்டு, பிறகு ‘ப’ ஒன்று, ‘ம’ ஒன்று, ‘ச’ இரண்டு. இதை நீங்களே வாசித்துப் போனில் பத்து நிமிடம் பதியுங்கள். அதைப் போட்டுவிட்டு, சுத்த தன்யாசியின் ஐந்து சுரத்தில் மட்டும், சொல் ஏதும் இல்லாமல், கேள்வி போல ஒரு பிடி, பதில் போல ஒரு பிடி. இரண்டுக்கும் இடையில் வாயை மூடிக்கொண்டு சும்மா இருங்கள். அந்த இடைவெளியை விடுவதற்குத்தான் என் பிள்ளைகளுக்கு அதிக நாள் பிடிக்கிறது.